கிசார்ட் முதல் சோங்-கோல் ஏரி வரை: ஒரே நாள் குதிரைப் பயணம் எப்படி?

கிர்கிஸ்தானில் கிசார்ட் என்ற கிராமத்தில் காலை எட்டு மணிக்குக் குதிரை ஏறினால், இரண்டு கணவாய்களைக் கடந்து மாலை நான்கு, ஐந்து மணிக்கு சோங்-கோல் ஏரிக்கரைக் கூடாரத்தில் இறங்கலாம். சேணத்தில் மட்டும் ஏழு, எட்டு மணி நேரம். பெரும்பாலோர் இதை இரண்டு நாளில்தான் போகிறார்கள். நடுவில் கிலெம்சே மேய்ச்சல்வெளியில் ஓர் இரவு தங்கிவிடுவார்கள். விடுப்பு குறைவாக இருக்கிறவர்கள் கேட்டால் அதையே ஒரு நாளாகச் சுருக்கித் தருகிறார்கள். இந்த மதிப்புரை அந்த ஒருநாள் ஏற்பாட்டைப் பற்றியது.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். வழிக்கு ஐந்துக்கு ஐந்து. குதிரைக்கும் ஐந்து. வழிகாட்டிக்கு நாலரை. சேணத்துக்கு இரண்டு. அந்த இரண்டை நாலாக்குவது பயணியின் கையில் இருக்கிறது. கிளம்பும் முன் கால் மணி நேரம் பொறுமையாகச் செய்ய வேண்டிய வேலை. அதைச் செய்யாதவர்கள்தான் "குதிரைப் பயணம் முதுகை உடைத்துவிட்டது" என்று எழுதுகிறார்கள். உடைத்தது குதிரை அல்ல; நீளம் சரிசெய்யாத அங்கவடி, அதாவது சேணத்திலிருந்து தொங்கும், கால் வைக்கும் வளையம்.

ஏற்பாடு செய்பவர்கள் யார் என்பதிலிருந்து தொடங்கலாம். கிசார்ட்டுக்குப் போக நுழைவாயிலான ஊர் கோச்கோர். 2000 வாக்கில் சுவிட்சர்லாந்தின் ஹெல்வெட்டாஸ் அமைப்பின் உதவியோடு, கிராமத்துக் குடும்பங்களே சேர்ந்து நடத்தும் சுற்றுலா முறை அங்கே வேர்விட்டது. இன்றைக்கும் கோச்கோரில் அதன் அலுவலகம் இருக்கிறது. தனியார் ஏற்பாட்டாளர்களும் இருக்கிறார்கள். கிசார்ட்டிலேயே குதிரை வைத்திருக்கும் குடும்பங்களிடம் நேரடியாகப் பேசவும் முடியும். மூன்றுக்கும் குதிரை ஒன்றுதான், பாதை ஒன்றுதான். வேறுபாடு எதில் என்றால், விலைப்பட்டியல் எழுத்தில் இருக்கிறதா, தலைக்கவசம் கிடைக்குமா, வழிகாட்டிக்கு ஆங்கிலம் தெரியுமா, மழையால் பயணம் நின்றுபோனால் பணம் என்ன ஆகும் என்ற நான்கில்தான். முன்பதிவுக்கு முன் இந்த நான்கையும் கேட்டுவிட வேண்டும்.

கட்டணம் ஒரே தொகையாகச் சொல்லப்பட்டாலும் உள்ளே பல கூறுகள் இருக்கின்றன: உங்கள் குதிரையின் நாள்வாடகை, வழிகாட்டியின் கூலி, வழிகாட்டியின் குதிரைக்கு வாடகை, கூடாரத்தில் இரவும் சாப்பாடும், கோச்கோரிலிருந்து கிசார்ட்டுக்குக் கார். இதில் வழிகாட்டியும் அவர் குதிரையும் குழு முழுவதற்கும் ஒரே செலவு. அதனால் தனியாகப் போகிறவர் தலையில் அது முழுதாக விழுகிறது. நான்கு பேர் சேர்ந்தால் கால்வாசியாகிவிடும். இன்னொன்றையும் மறக்கக் கூடாது. ஒரு நாளில் ஏரிக்குப் போய்ச் சேர்ந்தாலும் குதிரைகள் மறுநாள்தான் கிராமத்துக்குத் திரும்பும். அந்தத் திரும்பும் நாளுக்கும் குதிரை வாடகையும் வழிகாட்டி கூலியும் உண்டு. இது நியாயமான கட்டணம்தான், ஆனால் முதலில் சொல்லாமல் கடைசியில் சேர்க்கப்படும்போது சண்டை வருகிறது. "திரும்பும் நாள் சேர்த்தா, சேர்க்காமலா?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டால் முடிந்தது. பணத்தை கோச்கோரிலேயே எடுத்து, ரொக்கமாக, சில்லறை நோட்டுகளாக வைத்துக்கொள்ளுங்கள். மலைக்கு மேல் அட்டை எங்கும் செல்லாது.

இனி குதிரை. கிர்கிஸ் குதிரை உயரத்தில் சிறியது. கழுத்தும் முதுகும் சேரும் தோள்மேடு வரை அளந்தால் பெரும்பாலும் 140 சென்டிமீட்டரை ஒட்டியே நிற்கும். சோவியத் காலத்தில் டான், தரோபிரெட் போன்ற இனங்களோடு கலந்து பெரிதாக்கப்பட்டவையும் உண்டு. ஆனால் இந்தப் பாதைக்கு ஏற்றது அந்தப் பழைய குட்டை வகைதான். கால் கனமானது, குளம்பு கெட்டியானது, கல்லிலும் சேற்றிலும் தானே இடம் பார்த்துக் கால் வைக்கும். ஆண்டு முழுக்க வெட்டவெளியில் மேய்கிற குதிரை என்பதால், இடி இடித்தாலும் பதறுவது குறைவு. சவாரிக்குப் பெரும்பாலும் ஆண் குதிரைகளையும் காயடித்தவற்றையும்தான் தருவார்கள்; கோடையில் பெண் குதிரைகள் பால் கறப்பதற்காகக் கூடாரத்தருகே நிற்கும்.

எடை விஷயத்தில் வெட்கப்பட ஒன்றுமில்லை, உண்மையைச் சொல்ல வேண்டும். குதிரை தன் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் சுமக்கக் கூடாது என்பது பரவலாகப் பின்பற்றப்படும் கணக்கு. 380 கிலோ குதிரை என்றால் 76 கிலோ. அதில் சேணமும் பையும் அடக்கம். அங்கே 90, 95 கிலோ ஆட்களையும் ஏற்றிவிடுகிறார்கள், குதிரையும் போய்விடுகிறது. ஆனால் ஏழெட்டு மணி நேரத்தில் இரண்டு கணவாய் ஏற வேண்டிய நாளில் அந்தக் கூடுதல் எடை குதிரையின் முதுகில்தான் புண்ணாக முடியும். 80 கிலோவுக்கு மேல் இருப்பவர்கள் முன்பதிவின்போதே எடையைச் சொல்லிப் பெரிய குதிரையைக் கேளுங்கள். செங்குத்தான ஏற்றங்களில் இறங்கி நடக்கவும் தயாராக இருங்கள். இரண்டு நாள் திட்டமே அவர்களுக்கு நல்லது.

சேணம் ஏற்றும் முன்பே முற்றத்துக்குப் போய்விடுவது நல்ல பழக்கம். வழிகாட்டியிடம் கேட்டுவிட்டு, குதிரையின் முதுகில் உள்ளங்கையை அழுத்தி, தோள்மேட்டிலிருந்து இடுப்பு வரை ஒரு முறை தடவுங்கள். புண் இருந்தால் முடி உதிர்ந்த வட்டமோ ஈரமோ தட்டுப்படும். வலி இருந்தால் குதிரை முதுகைத் தாழ்த்தி நழுவும். வயிற்றுப் பட்டி படும் இடத்தில், முன்னங்கால் அக்குளுக்குப் பின்னால், தோல் சிவந்திருக்கிறதா என்றும் பாருங்கள். நான்கு குளம்பிலும் லாடம் இருக்கிறதா, ஆணி நீட்டிக்கொண்டிருக்கிறதா? பிறகு பத்து அடி நடத்திக் காட்டச் சொல்லுங்கள். முன்னங்கால் வலி உள்ள குதிரை, அந்தக் கால் தரையில் படும்போது தலையைத் தூக்கும். நல்ல கால் படும்போது தலையைத் தாழ்த்தும். அப்படித் தலையாட்டி நடந்தால் வேறு குதிரை கேட்பதில் தவறே இல்லை. நல்ல வழிகாட்டி இதற்கெல்லாம் கோபித்துக்கொள்ள மாட்டார். மாறாக, அதற்குப் பிறகு உங்களைப் பற்றிய மதிப்பு அவருக்கு ஏறிவிடும்.

சேணம்தான் இந்தச் சேவையின் பலவீனம். அடியில் மரச்சட்டமோ இரும்புச் சட்டமோ இருக்கும். முன்னால் கொம்பு போல எழும்பிய பிடி. மேலே மடித்துப்போட்ட பஞ்சுமெத்தை, அதையும் சேர்த்துக் கட்டும் ஒரு வார். மெத்தை மெல்லியதாக இருந்தால் இரண்டு மணி நேரத்தில் சட்டத்தின் விளிம்பு தொடை எலும்பில் தெரியும். கூடுதலாக ஒரு மெத்தை கேளுங்கள். பெரும்பாலும் வீட்டுக்குள்ளிருந்து எடுத்துவந்து போட்டுவிடுவார்கள். மெத்தை கட்டும் வாரின் கொக்கி உங்கள் தொடைக்கு உள்பக்கம் வராமல் திருப்பிவைக்கச் சொல்லுங்கள். மார்புப் பட்டியும், வாலடியில் செல்லும் பின்வாரும் இருக்க வேண்டும். மார்புப் பட்டி இல்லையென்றால் ஏற்றத்தில் சேணம் பின்னால் வழுக்கும். வாலடி வார் இல்லையென்றால் இறக்கத்தில் கழுத்தை நோக்கி வரும். கணவாய்ப் பாதையில் இரண்டுமே நடக்கும்.

அடுத்தது அங்கவடி. முழங்கால் வலிக்குக் காரணம் பத்தில் ஒன்பது இடத்தில் இதுதான். உள்ளூர்க்காரர்கள் குட்டையாகக் கட்டிச் சவாரி செய்வார்கள்; அதே அளவில்தான் உங்களுக்கும் கட்டியிருக்கும். தரையில் நின்றபடி, விரல்நுனியைச் சேணத்தில் அங்கவடி வார் தொங்கும் இடத்தில் வைத்து, அங்கவடியை அக்குளை நோக்கி இழுத்துப் பாருங்கள். அக்குளைத் தொட்டால் ஏறக்குறைய சரி. ஏறி உட்கார்ந்து காலைத் தொங்கவிட்டால் அங்கவடியின் அடிப்பலகை கணுக்கால் எலும்பை ஒட்டி வர வேண்டும். இரண்டு பக்கமும் ஒரே நீளமா என்று குதிரைக்கு முன்னால் நின்று பாருங்கள். வாரில் துளை போதாமல் முடிச்சுப் போட்டிருப்பார்கள். அதனால் ஒரு பக்கம் இரண்டு விரல் நீளம் கூடியிருப்பது சாதாரணம். அந்த இரண்டு விரல் எட்டு மணி நேரத்தில் ஒரு இடுப்பை முழுதாகப் பிடித்துவிடும்.

பாதத்தின் முன்பகுதி மட்டும்தான் அங்கவடியில் இருக்க வேண்டும், குதிகால் சற்றுத் தாழ்ந்து. மலையேற்றக் காலணியின் அகலமான, பள்ளம் பள்ளமான அடிப்பகுதி அங்கவடிக்குள் சிக்கிக்கொள்வது இங்கே உண்மையான ஆபத்து. விழுந்தால் குதிரை இழுத்துக்கொண்டு ஓடும். ஏறும் முன்பே காலணியை அங்கவடியில் நுழைத்து, தடையில்லாமல் வெளியே வருகிறதா என்று பாருங்கள். தட்டையான அடியும் சிறிய குதிகாலும் கொண்ட கணுக்கால் உயரக் காலணி சிறந்தது. கயிற்றையோ கடிவாள வாரையோ கையில் சுற்றிக்கொள்ளவே கூடாது.

கிளம்பிப் பதினைந்து, இருபது நிமிடத்தில் ஒரு முறை நின்று வயிற்றுப் பட்டியை இறுக்கச் சொல்லுங்கள். பட்டி கட்டும்போது குதிரைகள் வயிற்றை உப்பிக்கொள்ளும். நடக்கத் தொடங்கியதும் தளர்ந்துவிடும். ஒவ்வொரு கணவாயின் உச்சியிலும் மறுபடி பார்க்க வேண்டும். வழிகாட்டி மறந்தாலும் நீங்கள் மறக்காதீர்கள். நடுவழியில் சேணம் பக்கவாட்டில் சுழன்று ஆள் விழுவது பெரும்பாலும் இந்த ஒரு காரணத்தால்தான்.

ஓட்டுமுறை எளிது. இரண்டு கடிவாள வாரும் ஒரே கையில். இடப்பக்கம் போக வேண்டுமானால் கையை இடப்பக்கம் நகர்த்த, வலப்பக்க வார் கழுத்தில் படும், குதிரை புரிந்துகொள்ளும். கிளம்ப "ச்சூ", நிற்க "ட்ர்ர்ர்". புதியவர்கள் செய்யும் பெரிய தவறு, விழுந்துவிடுவோமோ என்று வாரை இறுக்கிப் பிடித்துக்கொண்டே காலால் உதைப்பது. நில் என்றும் போ என்றும் ஒரே நேரத்தில் சொன்னால் குதிரை என்ன செய்யும்? பக்கவாட்டில் நகரும், தலையை உதறும். ஏற்றத்தில் முன்னால் சாய்ந்து பிடரியைப் பிடித்துக்கொண்டு, வாரைத் தளர விடுங்கள். இறக்கத்தில் உடம்பு நேராக, கால் சற்று முன்னால்; தலையைத் தாழ்த்தித் தரையைப் பார்க்கக் குதிரைக்கு வார் நீளம் வேண்டும். ரொம்பச் செங்குத்து என்றால் இறங்கி நடப்பதே மேல். குதிரைக்கு நேர் முன்னால் நடக்காமல் பக்கத்தில் நடங்கள். வழுக்கினால் மேலே வந்து விழும்.

வழியில் முதல் பாதி கிசார்ட்டிலிருந்து புல்மேடுகளில் ஏறி, 3000 மீட்டரை ஒட்டிய கணவாயைக் கடந்து கிலெம்சேயில் இறங்குகிறது. நான்கு மணி நேரம் பிடிக்கும். கோடையில் அங்கே கூடாரங்கள் இருக்கும். மதியச் சாப்பாடு அங்கேதான். ஒருநாள் திட்டத்தில் இதுதான் முடிவெடுக்கும் இடம். முழங்கால் மடங்கவில்லை, தலை வலிக்கிறது, அல்லது மணி ஒன்றரையைத் தாண்டிவிட்டது என்றால் அங்கேயே தங்கிவிடுவது புத்திசாலித்தனம். "கிலெம்சேயில் தங்க நேர்ந்தால் திட்டத்தை மாற்றித் தருவீர்களா?" என்று முன்பதிவிலேயே கேட்டு வையுங்கள், நல்ல ஏற்பாட்டாளர்கள் சம்மதிப்பார்கள்.

இரண்டாம் பாதியில்தான் பயணத்தின் உச்சம். ஜால்கிஸ் கராகாய் கணவாய் 3200 மீட்டருக்கு மேல். கடைசி ஏற்றத்தில் குதிரைகள் வளைந்து வளைந்து ஏறும், இருபது, முப்பது அடிக்கு ஒரு முறை நின்று மூச்சு வாங்கும். அப்போது உதைக்காதீர்கள், தானே கிளம்பும். உச்சியில் ஏறியதும் சோங்-கோல் முழுதாகத் தெரியும். 3016 மீட்டர் உயரத்தில், 29 கிலோமீட்டர் நீளம், 18 கிலோமீட்டர் அகலம், சுற்றிலும் ஒரு மரம்கூட இல்லாத புல்வெளி. தென்னிந்தியாவின் உச்சியான ஆனைமுடியே 2695 மீட்டர்தான். இங்கே ஏரியின் நீர்மட்டமே அதற்கு முந்நூறு மீட்டர் மேலே இருக்கிறது. காரில் போனாலும் ஏரி கிடைக்கும்தான். ஆனால் காலை முழுக்க மலைமுதுகுகளை மட்டுமே பார்த்து ஏறி வந்தபின், அவ்வளவு பெரிய நீர்ப்பரப்பு ஒரே அடியில் விரியும் காட்சி குதிரையில் வருபவர்களுக்கு மட்டுமே உரியது. இந்த வழிக்கு ஐந்துக்கு ஐந்து கொடுத்தது அதற்காகத்தான்.

இறக்கம் முடிந்து சமவெளி வந்ததும் நாலுகால் பாய்ச்சலில் விடச் சொல்லிக் கை பரபரக்கும். குதிரையும் தயாராகத்தான் இருக்கும். ஆனால் அந்தப் புல்வெளி முழுக்க மர்மட் என்ற பெரிய தரை அணிலின் வளைகள். குதிரையின் கால் அதில் இறங்கினால் இரண்டு பேருக்கும் ஆபத்து. வழிகாட்டி முன்னால் போகும் தடத்தில் மட்டும், அவர் சொன்னால் மட்டும் விரட்டுங்கள். ஓடையைக் கடக்கும்போது கண் எதிர்க்கரையில் இருக்கட்டும். தண்ணீருக்கு நடுவில் குதிரை நின்று முன்னங்காலால் நீரை அடித்தால், அது படுத்துப் புரளப்போகிறது என்று அர்த்தம். உடனே "ச்சூ" சொல்லி நகர்த்துங்கள். முன்குதிரைக்கும் உங்களுக்கும் எப்போதும் ஒரு குதிரை நீளம் இடைவெளி வேண்டும். நெருங்கினால் பின்னங்கால் உதை உங்கள் கணுக்காலில்தான் விழும்.

ஜூன் நடுவிலிருந்து செப்டம்பர் நடுவரைதான் பருவம். அதிலும் ஜூலை, ஆகஸ்ட் பாதுகாப்பு. ஆனாலும் பனி பெய்யாத மாதம் என்று அங்கே எதையும் நம்ப முடியாது. பகலில் வெயில் தோலை உரிக்கும், பிற்பகலில் இடிமழை வரும், இரவில் வெப்பம் பூஜ்யத்தை ஒட்டி இறங்கும். மின்னலின்போது கணவாய் உச்சியில் இருக்கக் கூடாது என்பதால், ஒருநாள் பயணத்தில் தாமதமாகக் கிளம்புவது மிக மோசமான தவறு. எட்டு மணி என்றால் எட்டு மணி. மழைக்கோட்டைக் குதிரைமேல் உட்கார்ந்தபடி உதறிப் போடாதீர்கள்; படபடக்கும் சத்தத்துக்கு அமைதியான குதிரையும் மிரளும். மேகம் கறுத்ததுமே இறங்கி, போட்டுக்கொண்டு ஏறுங்கள். காற்றில் பறக்கும் போன்ச்சோ வகை வேண்டவே வேண்டாம்.

உடையில் ஒன்றைச் சொன்னால் போதும்: ஜீன்ஸ் வேண்டாம். உள்தொடைத் தையல் மூன்று மணி நேரத்தில் தோலைக் கிழிக்கும். மென்மையான, நீளும் காற்சட்டைக்குள் சைக்கிள் ஓட்டுபவர்களின் பஞ்சு வைத்த அரைக்கால் சட்டை. முழங்கால்வரை காலுறை, ஏனென்றால் அங்கவடி வார் கெண்டைக்காலைக் கிள்ளும். தலைக்கவசம் கிடைக்கும் என்று உறுதி தராவிட்டால் சொந்தமாகக் கொண்டுபோங்கள். சேணப்பையில் எட்டுக் கிலோவுக்கு மேல் வேண்டாம், இரண்டு பக்கமும் சம எடை. ஒரு பக்கம் கூடினால் சேணம் சாய்ந்து குதிரையின் முதுகு புண்ணாகும். பெரிய பெட்டியைக் கோச்கோர் விருந்தினர் இல்லத்தில் விட்டுவிடலாம்.

உயரத்தைப் பற்றிக் கொஞ்சம். தலைநகர் பிஷ்கெக் 800 மீட்டர், கோச்கோர் 1800. பிஷ்கெக்கிலிருந்து அதிகாலை கிளம்பி அன்றே ஏரியில் தூங்குவது தலைவலிக்கு அழைப்பு. கோச்கோரிலோ கிசார்ட்டிலோ ஓர் இரவு தங்கியே ஆக வேண்டும். பயணக் காப்பீட்டில் குதிரைச் சவாரிக்கும் 3000 மீட்டருக்கு மேல் உயரத்துக்கும் விலக்கு இருக்கிறதா என்று பாருங்கள். மலிவான காப்பீடுகளில் இரண்டுமே விலக்கப்பட்டிருக்கும். பிஷ்கெக்கில் மருத்துவம் படிக்கும் தமிழ் மாணவர்கள் வாரக்கடைசியில் இதை முடித்துவிட நினைப்பதுண்டு. வெள்ளி மாலையே கோச்கோர் சேர முடிந்தால் மட்டுமே இரண்டு நாளில் இது சாத்தியம்.

சாப்பாடு, சைவம் சாப்பிடுபவர்களுக்குச் சிக்கல். ரொட்டி, வெண்ணெய், பழக்கூழ், பொரித்த மாவுத்துண்டான போர்சோக், தேநீர் ஆகியவை எப்போதும் தாராளமாக இருக்கும். ஆனால் சூப்பும் நூடுல்சும் ஆட்டிறைச்சிச் சாற்றில்தான் வேகும். "இறைச்சி வேண்டாம்" என்றால் துண்டுகளை எடுத்துவிட்டு அதே சாற்றைத் தருவார்கள். அவர்கள் மனதில் அது சைவம். "தனிப் பாத்திரத்தில், வெறும் தண்ணீரில் உருளைக்கிழங்கு, காரட், அரிசி" என்று ஏற்பாட்டாளர் வழியாக முதல்நாளே சொல்லி அனுப்புங்கள். ஊறுகாயும் பருப்புப்பொடியும் எடுத்துப்போனால் நிம்மதி. புளித்த குதிரைப்பாலான கிமிஸை மரியாதைக்காக நீட்டுவார்கள். லேசான போதை உள்ளது, பழகாத வயிற்றைக் கலக்கும். நடுவழியில் ஒரு வாய் போதும், கிண்ணம் முழுக்கக் குடிப்பதென்றால் ஏரிக்கரை சேர்ந்தபிறகு.

கூடாரத்தில் அடுப்புக்கு உலர்ந்த சாணம்தான் விறகு. இரண்டு மணி நேரம் சுடச்சுட இருக்கும், பிறகு அணைந்துவிடும். எழுந்து நீங்களாக மூட்டாதீர்கள், புகை தேங்கி மூச்சடைக்கும். கூடுதல் மெத்தை கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கழிப்பறை நூறு அடி தள்ளிக் குழிதான். இரவில் போகும்போது தலைவிளக்கு வேண்டும், காவல் நாய்கள் குரைத்தால் நின்று கூடாரத்துக்காரரைக் கூப்பிடுங்கள்.

திரும்புவதற்கு இரண்டு வழி. குதிரையிலேயே துஸ்-அஷூ கணவாய் வழியாகக் கிசார்ட் பக்கம் இறங்கலாம். திரும்பும் நாளுக்கு எப்படியும் பணம் கொடுக்கிறோம் என்பதால் செலவு கணக்கில் இதுவே சரி. அல்லது காரை ஏரிக்கு வரவழைத்துக் கல்மாக்-அஷூ கணவாய் வழியாகக் கோச்கோர் சேரலாம். கார் காலியாக ஏறி வர வேண்டியிருப்பதால் விலை அதிகம், மழையென்றால் பாதை சேறு. முதல்நாள் ஏழு மணி நேரத்துக்குப் பிறகும் உட்கார முடிகிறவர்கள் துஸ்-அஷூவைத் தேர்ந்தெடுக்கலாம். தொடைத் தோல் உரிந்தவர்கள் காருக்குச் சொல்லிவிடுங்கள். ஏரிப் பக்கம் தொலைபேசி அலைவரிசை நம்பகமில்லை, ஆகவே காரைக் கோச்கோரிலேயே பேசி, வர வேண்டிய நேரத்தையும் கூடாரத்தின் பெயரையும் காகிதத்தில் எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்ப வேண்டும்.